பள்ளிக்கூடம் விடும் செயற்கைக்கோள்: பணம் கட்டுமுன்…

பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாளாம். பள்ளிச் சுற்றறிக்கையை நகலெடுத்து அனுப்பிய பெற்றோர் பலரும் கேட்பது ஒன்றுதான்: ‘எங்கள் பிள்ளை செய்யும் செயற்கைக்கோள் நிஜமாகவே விண்வெளிக்குப் போகுமா?’

எதில் ஏற்றுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். பலூன் என்றால் 30 கிலோமீட்டர் சுமாருக்குப் போகும். சான்றிதழில் எத்தனை ராக்கெட் படம் போட்டாலும் அது வளிமண்டலம்தான். ஆய்வு ராக்கெட் என்றால் மேலே போய்ச் சில நிமிடங்களில் இறங்கிவிடும். கரூர் மாவட்டம் பள்ளப்பட்டி மாணவர் முன்னின்று செய்த 64 கிராம் கலாம்சாட், 2017-இல் நாசா ராக்கெட்டில் போய்வந்தது அப்படித்தான். அதில் குறையொன்றும் இல்லை. அதைச் சுற்றுப்பாதை என்று சொல்லிக் காசு வாங்கினால்தான் குறை.

மூன்றாவது வழி கெட்டிக்காரத்தனமானது. இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் நிலை, செயற்கைக்கோளை இறக்கிவிட்ட பிறகு சும்மா சுற்றும் குப்பை. அதன் மேலேயே பெட்டியைத் திருகிவிட்டால் என்ன? 2019 ஜனவரியில் 1.26 கிலோ எடையுள்ள கலாம்சாட்-வி2 அப்படித்தான், ராக்கெட்டை விட்டுப் பிரியாமலே பூமியைச் சுற்றியது. அந்த ஏப்ரலில் நான்காம் நிலைக்குச் சூரியத் தகடுகள் வந்தன. 2022 ஜூனில் ‘போயம்’ என்ற பெயரும் வந்தது. மின்சாரம் தருவது, திசை மாறாமல் பிடிப்பது, தரையிலிருந்து கட்டளை வாங்குவது எல்லாம் அந்த நிலையின் பொறுப்பு. பெட்டி தன் சோதனையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். 2024 டிசம்பரில் போயம்-4 சுமந்த 24 கருவிகளில் ஒன்றில், காராமணி விதை நாலாம் நாளே முளைவிட்டது.

வாடகையில்லா வண்டி மாதிரி. ஆனால் ஸ்டீயரிங் இஸ்ரோ கையில். உறுத்துவதும் அதுதான்: பிள்ளை வெறும் பயணி. ‘விண்வெளி மீது மக்களுக்கு ஆர்வம் வளர்கிறது’ என்று அறிக்கைகள் சொல்லும்போது, எத்தனை பிள்ளைகள் கலந்துகொண்டார்கள் என்பதே கணக்கு. மேலிருந்து வந்த தகவலை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. உதாரணமாக, 2022-இன் ஆசாதிசாட் செயற்கைக்கோளில் 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகள். திருமங்கலம் பள்ளிப் பெண்களும் உண்டு. ஆளுக்கொரு செயற்கைக்கோள் அல்ல. பள்ளிக்கு ஏறத்தாழ 50 கிராம் கருவி ஒன்று. கோர்த்து முடித்தது சென்னையில் உள்ள ஒரு நிறுவனத்தின் மாணவர் குழு.

இதற்கு நேர் மாறானது அமெச்சூர் வானொலிக்காரர்களின் வழி. 2005 மே மாதம் ஏவிய 42.5 கிலோ ஹாம்சாட் செயற்கைக்கோளில், கேட்டதைத் திருப்பி ஒலிபரப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் இரண்டு. ஒன்றைச் செய்தவர் நெதர்லாந்தின் பொறியியல் மாணவர். ஹாம்சாட் 2014 வரை வேலை செய்தது. 2019 ஏப்ரலில் நான்காம் நிலையில் போன இந்திய அமெச்சூர்களின் கருவியும் 145.825 மெகாஹெர்ட்ஸில் பேசியது. அந்த அலைவரிசையில் ரகசியக் குறியீடு கூடாது. மொட்டைமாடியில் ஒரு சின்ன யாகி ஆன்டெனாவைத் தலைக்கு மேல் திருப்பினால், சில நிமிடங்கள் யார் காதிலும் விழும். அறிக்கையை நம்ப வேண்டிய தேவையே இல்லை. எனக்குப் பிடித்த விளம்பரம் இதுதான்.

ஆகவே பள்ளியில் கேளுங்கள்: அலைவரிசை என்ன, பெட்டி அனுப்புவது நேரே பிள்ளைக்கு வருமா, பிள்ளை எழுதிய நிரல் அதில் ஓடுமா? பதில் வராவிட்டால் அது சுற்றுலாக் கட்டணம்.

மற்றக் கேள்விகள்:

பிள்ளையே வானொலியில் பேசலாமா? 12 வயதாகி, தேர்வெழுதி உரிமம் வாங்கினால் பேசலாம்.

விண்வெளிக் குப்பை கூடிவிடாதா? போயம்-3-ஐ 350 கிலோமீட்டருக்கு இறக்கினார்கள்; 2024 மார்ச்சில் வளிமண்டலத்துக்குள் விழுந்து முடிந்தது.

ராக்கெட் தவறினால்? 2022 ஆகஸ்ட் 7-இல் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் தவறான பாதையில் விட, ஆசாதிசாட் வீணாயிற்று. ஆறு மாதத்தில் இரண்டாவது போனது.

அப்படித் தவறினால் பணம் திரும்புமா? சுற்றறிக்கையில் எழுதியிருந்தால் மட்டும்.