ஐரோப்பாவில் மாஸ்டர்ஸ்: ராஜினாமா லெட்டருக்கு முன்னாடி ஒரு கணக்கு

"ஜெர்மனியில படிப்பு ஃப்ரீதானே, அப்புறம் எதுக்கு ஸ்காலர்ஷிப்?" என்று நிறைய பேர் கேட்கிறீங்க. ஃப்ரீ என்பது டியூஷன் ஃபீஸ் மட்டும்தான், அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மை மாதிரி வெளிநாட்டு மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஃபீஸ் வாங்குது.

நிஜமான தடை விசாவில் இருக்கு. ஒரு வருஷச் செலவுக்கான பணம், அதாவது 11,904 யூரோ, பிளாக்டு அக்கவுண்ட்டில் முன்கூட்டியே போட்டுக் காட்டணும். ஒரு யூரோ 100 ரூபாய்னு வச்சாலே கிட்டத்தட்ட 12 லட்சம். ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய் தனி.

இப்போ கடலூர் மாவட்டத்தில் ஒரு வீட்டைக் கற்பனை பண்ணிக்கோங்க. அப்பாவுக்கு என்எல்சி-யில் வேலை, பையன் நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். சென்னையில் மாசம் 38,000 சம்பளம். வெளிநாட்டுப் படிப்புக்கு 7.5 லட்சத்துக்கு மேல் கடன் கேட்டால் பேங்க் பொதுவா அடமானம் கேட்கும். குவார்ட்டர்ஸ் கம்பெனியோடது, அப்பா ரிட்டயர் ஆனால் சாவியைக் கொடுத்துட்டு வெளியே வரணும். நெல்லிக்குப்பத்தில் கரும்பு போடுற பூர்வீக நிலம் இருக்கு, ஆனால் பட்டா இன்னும் தாத்தா பேரில், பாகமே பிரிக்கலை. அதை எந்த மேனேஜரும் சுலபமா ஏத்துக்க மாட்டார். சம்பளம், சொந்த ஊரு, நிலம் எல்லாம் இருந்தும் பேங்குக்குக் காட்ட ஒண்ணும் இல்லை.

இவருக்கு ஸ்காலர்ஷிப்தான் வழி. நல்ல செய்தி என்னன்னா, வேலைக்குப் போறதே அவருக்கு ஒரு தகுதி.

ஜெர்மன் அரசு உதவியில் இயங்கும் 'டாட்' அமைப்போட ஈபாஸ் திட்டத்தைப் பாருங்க. வளரும் நாடுகளின் பட்டதாரிகளுக்கானது. குறைந்தது 2 வருஷம் துறை சார்ந்த வேலை அனுபவம் கேட்கிறாங்க. கடைசி டிகிரி முடிச்சு பொதுவா 6 வருஷத்துக்குள் இருக்கணும். காலேஜ் முடிச்சவுடனே போட முடியாது, ரொம்ப லேட்டாகவும் போட முடியாது. 24-லிருந்து 28 வயசுக்குள் இருக்கும் சம்பளக்காரர்களுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி. மாஸ்டர்ஸுக்கு மாசம் 992 யூரோ, கூடவே ஹெல்த் இன்சூரன்ஸ், பயணப்படி. விண்ணப்பத்தை டாட்டுக்கு அனுப்பக் கூடாது. நேரா அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்குத்தான் அனுப்பணும். அதிகபட்சம் 3 படிப்பு. இந்த ஸ்காலர்ஷிப் கடிதம் இருந்தால் பிளாக்டு அக்கவுண்ட் தலைவலியும் போயிடும்.

எல்லா படிப்பும் இதில் வராது. எரிசக்தி, நீர், நகரத் திட்டமிடல், பொதுச் சுகாதாரம் மாதிரி வளர்ச்சி சார்ந்தவைதான். நெய்வேலிக்காரர்களுக்கு இங்கே ஒரு பலம் இருக்கு. ஜெர்மனியும் பழுப்பு நிலக்கரி தோண்டுற நாடு; 2038-க்குள் அதை நிறுத்தணும்னு 2020-லேயே சட்டம் போட்டுட்டாங்க. சுரங்கம் மூடினால் ஊர் என்ன ஆகும் என்ற கேள்வி அவங்களுக்கும் இருக்கு, நமக்கும் இருக்கு. மோட்டிவேஷன் லெட்டரில் "சின்ன வயசிலிருந்தே ஐரோப்பா என் கனவு" என்று எழுதறதை விட இதை எழுதினால் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்தது எராஸ்மஸ் முண்டஸ். ஒரே படிப்பை குறைந்தது 2 நாட்டில் படிக்கணும். ஃபீஸ் கிடையாது, மாசம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாசம். மொத்தம் 33,600 யூரோ. டிக்கெட், விசா, வீட்டு அட்வான்ஸ் எல்லாமே இந்தப் பணத்துக்குள்தான், அதனால் கிளம்பும்போது கையில் ரெண்டு லட்சமாவது இருக்கட்டும். விண்ணப்பங்கள் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஜனவரி வரைக்கும். படிப்பு தொடங்குறது அடுத்த செப்டம்பர் வாக்கில். அதாவது தீபாவளி சமயத்தில் உட்கார்ந்தால்தான் அடுத்த வருஷம் ஃபிளைட்.

மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் 125 இடம். 115 எஸ்சி மாணவர்களுக்கு. மீதி சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களுக்கு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கணும், உங்க சம்பளமும் அந்தக் கணக்கில் சேரும். நெல்லிக்குப்பத்தில் கரும்பு வெட்டுற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது கண்டிப்பா தெரியணும், ஆனால் பலருக்குத் தெரியறதில்லை.

கடன்தான் வழின்னா ரெண்டு விஷயம். பிஎம்-வித்யாலட்சுமி உள்நாட்டுக் கல்லூரிகளுக்கு மட்டும்தான், அதை நம்பி உட்காராதீங்க. 80இ பிரிவில் வட்டிக்கு 8 வருஷம் வரை முழுக் கழிவு கிடைக்கும், ஆனால் பழைய வரி முறையில் இருந்தால்தான்.

"ஸ்காலர்ஷிப் கேரண்டி" என்று சொல்ற கன்சல்டன்சி பக்கம் போகாதீங்க. ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் 15 லட்சம் ஃபீஸில் 20% தள்ளுபடி வாங்கிக் கொடுத்து அதையும் ஸ்காலர்ஷிப் என்பாங்க. மீதி 12 லட்சம் உங்க தலையில்.

கடைசியா, ஈபாஸுக்கு உங்க நிறுவனத்தோட பரிந்துரைக் கடிதமும் வேணும். லெட்டர்ஹெட்டில், கையெழுத்து, சீலோட. நோட்டீஸ் கொடுத்த பிறகு மேனேஜரிடம் அதைக் கேட்டுப் பாருங்க, முகம் எப்படிப் போகும்னு தெரியும். ஆகஸ்ட் மாசமே கேட்டு வாங்கி வச்சிடுங்க.