ஊர் சுட்டிப் பெயர் சுட்டாமை: கொற்கை அகப்பாடலும் ஆகா ஷாஹித் அலியும்

அகநானூற்றின் 130ஆம் பாடலில் வெண்கண்ணனார் கொற்கைத் துறையைப் பெயர் சொல்லிப் பாடுகிறார். அலை ஒதுக்கிய முத்துகள் குதிரைகளின் குளம்பை வடுப்படுத்தி நடையைத் தடுக்கின்றன. துறைக்குரிய வழுதியும் சுட்டப்படுகிறான். ஆனால், கழி நெய்தலை வெல்லும் கண்ணுடையாளுக்குப் பெயரில்லை. பாங்கனிடம் அவளைப் பற்றிக் கூறும் தலைவனுக்கும் பெயரில்லை. அன்பின் ஐந்திணையில் ஒருவரைச் சுட்டிப் பெயர் கூறலாகாது என்பது தொல்காப்பிய விதி. இவ்விதியின் கடுமையை நெடுநல்வாடை காட்டும். வேலில் கட்டிய வேம்பு பாண்டியனை அடையாளப்படுத்தியமையால், நச்சினார்க்கினியர் அப்பாட்டை அகத்தினின்று நீக்கிப் புறத்தில் சேர்த்தார்.

ஊரைச் சுட்டிக் காதலுக்குரியவரைச் சுட்டாத இம்முறையைக் கொண்டு அமெரிக்கக் கவிஞர் ஆகா ஷாஹித் அலியை அணுகும்போது, அவர் கவிதைகளில் நிலவும் ஒரு மௌனம் தெளிவாகிறது. இது தாக்கம் பற்றிய ஒப்பீடு அன்று. வாசிப்பு முறை பற்றியது.

ஷாஹித் 1949 பிப்ரவரி 4இல் புதுதில்லியில் பிறந்து ஸ்ரீநகரில் வளர்ந்தவர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டி.எஸ். எலியட்டைப் பற்றி ஆய்ந்து 1984இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் மாசசூசெட்ஸ் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களில் கவிதை எழுதுதலைக் கற்பித்தார். பைஸ் அகமது பைஸின் கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 2001 டிசம்பர் 8இல் ஆம்ஹர்ஸ்ட் நகரில் மூளைக்கட்டியால் இறந்தார். தம் தன்பாலீர்ப்பை அவர் பொது அடையாளமாக முன்வைக்கவில்லை. கவிஞர் ஹோஷங் மெர்ச்சண்ட், இந்தியத் தன்பாலீர்ப்புக் கவிஞர்களைப் பற்றி 2009இல் வெளியிட்ட நூலில் அவரை அவ்வரிசையில் வைத்து ஆராய்ந்தார்.

1997இல் வெளிவந்த ‘அஞ்சலகம் இல்லாத நாடு’ என்னும் தொகுப்பின் பின்புலம், 1990இல் காஷ்மீரில் பல மாதங்கள் அஞ்சல் நின்றுபோன நிகழ்வு. தொகுப்பெங்கும் ஊர்ப்பெயர்கள் செறிந்துள்ளன. தலைப்புக் கவிதையில், ஊர் திரும்பும் ஒருவன் உரியவரைச் சேராத மடல்களின் குவியலைக் காண்கிறான். அவற்றுள் அவனே எழுதியவையும் உண்டு. மறுமொழி தராத அந்த ஒருவர் பெயரின்றி, ஆண்பாற் சுட்டால் மட்டுமே குறிக்கப்படுகிறார். அவர் காதலரா, நண்பரா, இறைவனா என்பதைக் கவிதை திறந்தே விடுகிறது. தாமிரபரணியின் வண்டலால் கடல் விலகிவிட, கொற்கை இன்று உள்நாட்டுச் சிற்றூர். துறை பாட்டில்தான் இருக்கிறது. ஷாஹிதின் ஸ்ரீநகரும் ஏறக்குறைய அவ்வாறு பாட்டில் காக்கப்பட்ட ஊரே.

எனினும் இரு மௌனங்களும் ஒன்றல்ல. அகமரபில் பெயரின்மை இலக்கண விதி. காதலை எவர்க்கும் பொதுவாக்குவது அதன் பயன். அங்குப் பேசப்படும் காதலும் ஆண் பெண் காதலே. தொல்காப்பியர் ஆணிடை அன்பை ஐந்திணையுள் வைத்துப் பேசவில்லை. ஷாஹித் வளர்ந்த காலத்திலோ ஆண்களுக்கிடையேயான உடலுறவு இந்தியச் சட்டப்படி குற்றம். வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் உறவை அச்சட்டத்திலிருந்து உச்ச நீதிமன்றம் 2018இல்தான் விலக்கியது; அப்போது அவர் மறைந்து ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆகவே அவருடைய மௌனத்தைக் கவிதை உத்தி என்று மட்டும் கூறி நிறுத்துவது போதாது. அச்சத்தின் விளைவு என்று மட்டும் கூறுவதும் அவர் கலைக்குச் செய்யும் குறையாகும். ஏனெனில் அவர் தேர்ந்தெடுத்த கஸல் வடிவத்திலேயே இந்த இரட்டைநிலை உள்ளது. உருது கஸலில் காதலுக்குரியவர் மரபாகவே ஆண்பாலில் சுட்டப்படுவார். அது பெண்ணையும் இறைவனையும் குறிக்கலாம். ஒருவர் தம்மை மறைக்கவும் வெளிப்படுத்தவும் அம்மரபு ஒருங்கே இடமளித்தது.

மேலும், கஸலின் இறுதி ஈரடியில் கவிஞர் தம் பெயரைப் பொறிப்பார். அகப்பாடல் மறுப்பதைக் கஸல் வேண்டி நிற்கிறது. ஆனால் பொறிக்கப்படுவது காதலரின் பெயரன்று, பாடுபவரின் பெயர். ‘ஷாஹித்’ என்னும் சொல் பாரசீகத்தில் காதலுக்குரியவரையும் அரபியில் சாட்சியையும் குறிக்கும். இதனைக் கவிஞரே ஒரு கஸலில் விளக்குகிறார். பாடுபவர் தம் பெயரை உச்சரிக்கும்போதே காதலரின் சுட்டும் அதனுள் வந்துவிடுகிறது. அவர் மறைவுக்குப் பின் 2003இல் வெளிவந்த கஸல் தொகுப்பில் இந்நுட்பத்தைக் காணலாம்.

தமிழில் பெயர்ப்போருக்குச் சிக்கல் இங்குதான் எழுகிறது. முன்னிலையில் இடரில்லை, ஆங்கிலத்தைப் போலவே நம் ‘நீ’யும் பால் காட்டாது. படர்க்கையில் ‘அவர்’ என்று எழுதினால் மதிப்பு கூடும், ஆண்பால் மறையும். ‘அவள்’ என்று மாற்றுவது பிழை. அஞ்சலகக் கவிதையின் மடல்கள் யாருக்கு எழுதப்பட்டனவோ, அவரைத் தமிழிலும் ‘அவன்’ என்றே குறித்தாக வேண்டும்.