கோலக் கோடும் கணிப்பொறிக் கோடும்

மார்கழி மாதத்தில் நம் திருத்தணித் தெருக்களில் சிக்குக் கோலம் பார்க்காத மாணவி இருக்க முடியாது. தெலுங்கு பேசும் வீடுகளில் அதையே முக்கு என்பர். கிறிஸ்து பிறப்பு விழாவும் அம்மாதத்திலேயே வருவதால் நம் வாசல்களிலும் நட்சத்திரக் கோலம் உண்டு. கோலத்திற்கும் கணிப்பொறிக்கும் உறவு புதிதன்று. 1974-ஆம் ஆண்டிலேயே சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலத்திற்குக் கணித இலக்கணம் வகுத்துக் கட்டுரை வெளியிட்டனர். மூவரில் இருவர் பெண்மணிகள் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை.

பாட்டிமாரின் கோல நோட்டுகள் பழுப்பேறி உதிர்ந்து வருகின்றன. அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றி வைக்க விரும்பும் மாணவிகளுக்காகவே இக்கட்டுரை.

புகைப்படத்தைப் பெரிதாக்கினால் ஓரங்கள் படிக்கட்டாகத் தெரியும். வெக்டர் படம் அப்படியன்று. அதில் கோடு கணக்காகவே சேமிக்கப்படுகிறது. தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி, வளைவை இழுக்கும் இரண்டு கைப்பிடிகள், இவ்வளவே. இம்முறையைப் பிரான்சு நாட்டுக் கார்த் தொழிற்சாலைகளில் தெ காஸ்தெல்ஜோவும் பெஸியரும் வகுத்தனர். கோலத்தில் புள்ளியைச் சுற்றிக் கோடு போகும். இங்கோ கோட்டின் மேலேயே புள்ளி அமரும்.

இங்க்ஸ்கேப் என்னும் இலவச மென்பொருளில் 'டிரேஸ் பிட்மேப்' என்ற வசதி உண்டு. கோலப் படத்தைக் கொடுத்தால் நொடியில் கோடாக்கித் தரும். ஆனால் சாதாரணமாக அது கோட்டைக் கோடாகப் பார்ப்பதில்லை. ஒரு திட்டாகக் கருதி இரு ஓரங்களையும் வரைகிறது. ஒரு கோடு இரண்டாகிறது. மாவு சிதறிய இடமெல்லாம் ஒரு புள்ளி! அழைப்பிதழில் இந்த நடுக்கம் தெரியாது. பத்தடிப் பேனரில் தெரியாமல் போகாது.

ஆகவே படத்தை அடியில் பூட்டி வைத்து, பேனாக் கருவியால் கோட்டின் நடுவே புதிதாக வரைவதே மேல். வளைவின் உச்சி, அடி, இடக்கோடி, வலக்கோடி ஆகிய இடங்களில் மட்டும் புள்ளி வையுங்கள். முழு வட்டத்துக்கு நான்கு போதும். ஆரம் 10 செ.மீ. ஆனால் கைப்பிடி ஏறத்தாழ 5.5 செ.மீ.; உண்மை வட்டத்திலிருந்து விலகல் ஒரு தலைமயிரின் பருமன்கூட இராது. கோடு வழுக்கிச் செல்லும் இடத்தில் புள்ளியின் இரு கைப்பிடிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இல்லையேல் முழங்கை போல் முறியும். இரு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் சேர்ந்ததாகப் பொருளில்லை. கோட்டைத் தடிப்பாக்கினால் பிளவு வெளிப்படும். இணைப்புக் கட்டளை கொடுத்தே சேர்க்க வேண்டும்.

'சிம்ப்ளிஃபை' கட்டளை புள்ளிகளைத் தானே குறைக்கும். நகல் எடுத்துக்கொண்டு ஒரு முறை அழுத்தலாம். மீண்டும் மீண்டும் அழுத்தினால் சுழி தட்டையாகி, சுற்ற வேண்டிய புள்ளியின் மேலேயே கோடு ஏறிவிடும்.

எதைத் திருத்துவது, எதை விடுவது? ஒரே இடத்தில் மட்டும் உள்ள நெளிவு மாவினுடையது; நீக்கலாம். எல்லாச் சுழியும் ஒரே பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தால் அது பாட்டியின் கை, அதைத் தொடாதீர்கள். ஒரு சுழியை அழகாக வரைந்து மற்ற இடங்களில் ஒட்டுவோர் உண்டு. அது தரை ஓடு போல் ஆகிவிடும் என்பது என் கருத்து. சேமிக்கும்போது புள்ளிக் கணக்கையும், இட்டவர் பெயரையும் ஓரத்தில் எழுதி வையுங்கள்.