சிறு பூச்சிகளை இனம் காணுதல்

உழவர்களுக்குக் கேடு செய்யும் உயிர்களில் எலி, காட்டுப்பன்றி போன்றவை எளிதில் கண்ணுக்குத் தெரிபவை. அவற்றின் பெயரும் நடமாட்டமும் கிராமத்தில் சிறு பிள்ளைகளும் அறிந்தவையே. ஆனால், கம்பு மணியினும் சிறிய உருவமுடைய பூச்சிகள் பல நமது தோட்டங்களில் இலைக்கடியிலும் பூவினுள்ளும் மறைந்து வாழ்கின்றன. அவை விளைவிக்கும் நட்டமோ பெரிது. கொங்கு நாட்டில் மிளகாய், பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, தென்னை ஆகிய பயிர்கள் யாவும் இவற்றால் அவதியுற்றிருக்கின்றன.

இப்பூச்சிகளை நாம் பொதுவாக ‘பேன்’ என்றும், ‘அசுவுணி’ என்றும், ‘மாவுப்பூச்சி’ என்றும் சொல்லி விடுகிறோம். அன்றாடப் பேச்சுக்கு இது போதும். பயிரைக் காப்பதற்கு இது போதாது. ஒரே பெயரால் அழைக்கப்படும் பூச்சிகளுக்குள் பத்து வகைகள் இருக்கலாம். ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றொன்றைத் தொடாமலும் போகலாம். எனவே, இன்ன பூச்சி என்று பிரித்தறிவதே பயிர்ப் பாதுகாப்பின் முதற்படியாகும். கோயமுத்தூரின் அனுபவமே இதற்குச் சான்று கூறும்.

மிளகாயும் இலைப்பேனும்

மிளகாய்ச் செடியின் இலைகள் சுருண்டு, செடி குன்றிப் போவதை நாம் கண்டிருக்கிறோம். ‘இலைச் சுருட்டை’ என்று இதற்கு ஒரே பெயர் வழங்குகிறது. ஆனால் காரணம் ஒன்றன்று. இலையின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டால் அது பெரும்பாலும் இலைப்பேனின் வேலை. கீழ்நோக்கிச் சுருண்டு, இலைக் காம்பு நீண்டு போனால் அது மஞ்சள் சிலந்தியின் வேலை. வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரியாலும் இலை சுருளும். இலைப்பேன் ஆறு கால்களையுடைய பூச்சி. சிலந்தியோ வளர்ந்த பருவத்தில் எட்டுக் கால்களையுடையது. அது பூச்சி இனமே அன்று. ஆகவே, இலைப்பேனுக்கென்று வாங்கிய மருந்தைச் சிலந்தி கண்ட செடியில் அடித்தால், பணமும் உழைப்பும் வீணாவதோடு, சிலந்தியைத் தின்னும் நல்ல உயிர்களும் மடியக் கூடும்.

மிளகாயைத் தாக்கும் இந்த இலைப்பேன் உலக விஞ்ஞானிகளுக்கு அறிமுகமானதே கோயமுத்தூரின் வழியாகத்தான் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. சென்னை மாகாணத்தின் விவசாயக் கல்லூரி சைதாப்பேட்டையிலிருந்து 1906-ஆம் ஆண்டில் கோயமுத்தூருக்கு மாற்றப்பட்டது. அதன் பின் பூச்சியியல் ஆராய்ச்சி இங்கே வேரூன்றியது. அரசாங்கப் பூச்சியியல் நிபுணராக இருந்த பெயின்பிரிக் பிளெட்சர், தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிய பெரிய நூலொன்றை 1914-ல் வெளியிட்டார். அவருக்குப் பின் வந்தவர்களுள் டி. வி. இராமகிருஷ்ண அய்யர் இலைப்பேன்களில் தனி நாட்டம் கொண்டு உழைத்தார். கோயமுத்தூரில் ஆமணக்கிலும் மிளகாயிலும் சேகரிக்கப்பட்ட இலைப்பேன்களை ஆராய்ந்து, ஹூட் என்னும் அமெரிக்க நிபுணர் 1919-ல் அவற்றைப் புதிய இனமென்று விவரித்து, ‘ஸிர்டோதிரிப்ஸ் டார்ஸாலிஸ்’ எனப் பெயரிட்டார். ‘டார்ஸாலிஸ்’ என்பது முதுகைக் குறிக்கும் சொல். வெளிர்மஞ்சள் நிறமுடைய இப்பூச்சியின் வயிற்றின் மேற்புறத்தில் கரிய பட்டைகள் இருக்கின்றன. இராமகிருஷ்ண அய்யரின் உழைப்பைப் போற்றும் வகையில், கார்னி என்னும் ஆஸ்திரிய நிபுணர் மற்றோர் இலைப்பேன் பேரினத்துக்கு ‘அய்யாரியா’ என்று 1926-ல் பெயர் சூட்டினார்.

இன்று மிளகாய் இலைப்பேன் ஆசியாவின் பல நாடுகளிலும், அமெரிக்காவில் புளோரிடா முதலிய இடங்களிலும் பரவி, நூற்றுக்கு மேற்பட்ட செடியினங்களைத் தாக்கி வருகிறது. எந்த நாட்டில் அது தோன்றினாலும், ‘இது இன்னது’ என்று ஒப்பிட்டுத் தெளிவதற்கு 1919-ஆம் ஆண்டின் அந்த விவரணமே அடிப்படையாக நிற்கிறது.

பெயரிடுவது எவ்வாறு?

ஒரு பூச்சிக்குப் பெயர் வைப்பது பொழுதுபோக்கான காரியமன்று. இலைப்பேனின் நீளம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். அதன் இறகுகள் நான்கும் ஓரத்தில் மயிர் வரிசை கொண்ட குஞ்சம் போன்றவை. வாயில் இடப்பக்கத்துத் தாடை மட்டுமே வளர்ந்திருக்கும். அதைக் கொண்டு இலையின் தோலைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சும். இவற்றையெல்லாம் வெறுங்கண்ணால் காண இயலாது.

ஆகவே, பூச்சியைச் சாராயச் சத்தில் பாதுகாத்து, காரக் கரைசலில் ஊற வைத்து உட்சதையைக் கரைத்து நீக்குகிறார்கள். பின்னர் அதைக் கண்ணாடித் தகட்டின் மீது கனடா பால்சம் என்னும் தெளிந்த பிசினில் பதித்து, நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்க்கிறார்கள். உணர்கொம்பில் எத்தனை கணுக்கள், எந்த இடத்தில் எத்தனை மயிர்கள், மெழுகு சுரக்கும் துளைகள் எங்கே என்று ஒவ்வொன்றாக எண்ணிக் குறிக்கிறார்கள். முன்னரே பெயர் பெற்ற இனங்களோடு ஒப்பிட்டு, எதனோடும் பொருந்தவில்லையென்றால்தான் அது புதிய இனமாகும். அப்போது அதன் படமும் விவரமும் அச்சில் வெளியிடப்படும். விவரணத்துக்கு ஆதாரமான பூச்சி ‘மூலமாதிரி’ என்று குறிக்கப்பட்டுக் காட்சிசாலையில் காக்கப்படும். நூறு ஆண்டு கழித்து ஐயம் எழுந்தாலும் அதை எடுத்துப் பார்க்கலாம்.

பேரினப் பெயரும் சிற்றினப் பெயருமாக இரு சொற்களால் பெயரிடும் முறையை விலங்குகள் அனைத்துக்கும் வகுத்து, 1758-ல் நிலைபெறச் செய்தவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். எந்த மொழி பேசும் நாட்டிலும் இப்பெயர் ஒன்றே.

பப்பாளிக்கு வந்த கேடு

பெயரின் பயன் என்னவென்பதைப் பப்பாளி மாவுப்பூச்சியின் வரலாறு நன்கு விளக்கும். 2008-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கோயமுத்தூரில் பப்பாளி மரங்களில் வெண்மையான மாவு படிந்தாற்போல் ஒரு பூச்சி காணப்பட்டது. விரைவில் அது ஈரோடு, திருப்பூர் பகுதிகளுக்கும் பரவியது. காய்கள் வெண்பஞ்சு போர்த்தினாற்போல் ஆயின. இலைகள் வாடி உதிர்ந்தன. பழத்துக்காகப் பயிரிட்டோரும், பப்பாளிப் பால் எடுப்போரும் ஒருங்கே நட்டப்பட்டனர். அது மல்பெரியையும் விட்டு வைக்கவில்லை. பட்டுப்புழு வளர்ப்போர் புழுக்களுக்குத் தழையின்றித் தவித்தனர். மரவள்ளிக்கும் அதே கதி. துத்தி, பார்த்தீனியம், செம்பருத்தி, காட்டாமணக்கு என்று வேலியோரச் செடிகளிலெல்லாம் அது குடியேறியதால், ஒரு தோட்டத்தில் அழித்தாலும் அடுத்த தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. உடலை மூடிய மெழுகுப் பூச்சு மருந்தைத் தடுத்தது. ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பஞ்சு போன்ற பையில் இட்டது.

மாவுப்பூச்சி நமக்குப் புதிதன்று. ஆனால் இது வேறு. நிபுணர்கள் நுண்பெருக்கியில் ஆராய்ந்து, இது மெக்சிகோ நாட்டிலும் அதனையடுத்த நாடுகளிலும் வாழும் ‘பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ்’ என்று உறுதி செய்தனர். இவ்வினத்தின் முதுகுப் புறத்தில் ஒருவகைக் குழாய்ச் சுரப்பிகள் உடலின் விளிம்பில் மட்டுமே அமைந்திருக்கும். பெயரிலும் விளிம்பு என்னும் பொருள் இருக்கிறது. சாராயச் சத்தில் இட்டால் இப்பூச்சி நீலங்கலந்த கருநிறமாக மாறுவதும் ஓர் அடையாளம். இதை வில்லியம்ஸ், கிரனாரா டி வில்லிங்க் என்ற இரு நிபுணர்கள் 1992-ல்தான் விவரித்துப் பெயரிட்டிருந்தனர்.

பெயர் தெரிந்ததும் வழியும் தெரிந்தது. ஒரு பூச்சியின் தாயகம் எதுவென்று தெரிந்தால், அங்கே அதை அடக்கி வைத்திருக்கும் இயற்கைப் பகைவனையும் தேடலாம் அல்லவா? அமெரிக்கக் கண்டத்தில் இம்மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் சிறு குளவிகள் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் மூன்று இனங்கள் பெங்களூரிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிலையத்தின் முயற்சியால் 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து தருவிக்கப்பட்டன. பிற நன்மை செய்யும் உயிர்களுக்கு அவற்றால் தீங்கில்லையென்று சோதித்த பின், அதே ஆண்டில் தமிழ்நாட்டின் தோட்டங்களில் அவை விடப்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி உழவர்களுக்கு வழங்கியது. மூன்றில் சிறப்பாக வேலை செய்தது ‘அசெரோபேகஸ் பப்பாயே’ என்பது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இக்குளவியும் 2003-ல்தான் பெயர் பெற்றது. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கத் தொடங்கியது. மருந்துப் புட்டிகளால் ஆகாததை, கண்ணுக்குத் தென்படாத ஒரு குளவி செய்து முடித்தது.

அந்தப் பூச்சியைப் பழைய மாவுப்பூச்சி என்றே எண்ணியிருந்தால், வேறொரு குளவியை விட்டுக் காத்திருந்து ஏமாந்திருப்போம். இவ்வகைக் குளவிகள் தத்தமக்குரிய பூச்சியை மட்டுமே நாடுபவை.

தென்னையில் சுருள் வெள்ளை ஈ

2016-ல் பொள்ளாச்சி வட்டாரத் தென்னந்தோப்புகளில் மற்றொரு புதிய விருந்தாளி தென்பட்டது. ஓலையின் அடிப்பக்கத்தில் சுருள் சுருளாக முட்டையிடும் இந்த வெள்ளை ஈ, மத்திய அமெரிக்காவில் பெலீஸ் நாட்டிலிருந்து 2004-ல் விவரிக்கப்பட்ட இனமென்று அறியப்பட்டது. அது கழிக்கும் இனிப்பான நீரின் மீது கரும்பூசணம் படர்ந்து, ஓலைகள் கரி பூசினாற்போல் ஆகின்றன. இதற்கும் ‘என்கார்சியா குவாடலூப்பே’ என்னும் சிறு குளவி பகைவனாக இருக்கிறது. அது நமது தோப்புகளிலேயே காணப்பட்டது. கண்ட மருந்தை அடித்தால் முதலில் சாவது இக்குளவிதான். ஓலையில் கருநிறமாக மாறிய இளம்பூச்சிகள் இருந்தால், குளவி அங்கே குடியிருக்கிறது என்று பொருள். அவ்வோலைகளை வெட்டிக் கொளுத்தாமல் காப்பது நலம்.

இன்னும் முடியாத வேலை

இவ்வளவு ஆண்டுகளுக்குப் பின்னும் இனம் பிரிக்கும் பணி முடிந்துவிடவில்லை. கோயமுத்தூரிலிருந்து பெயர் பெற்ற மிளகாய் இலைப்பேனே ஒற்றை இனமன்று என்றும், தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் குறைந்தது 9 இனங்கள் அப்பெயருக்குள் அடங்கியிருக்கின்றன என்றும் 2015-ல் மரபணு ஆராய்ச்சியால் தெரிய வந்தது. 2021-ல் ஆந்திரம், தெலுங்கானா மாநிலங்களில் மிளகாய்ப் பூக்களைத் தாக்கிப் பெரும் நட்டம் விளைவித்ததோ முற்றிலும் வேறான ஓர் இலைப்பேன். அதன் பெண் பூச்சி கரும்பழுப்பு நிறமுடையது, பூவில் மிகுதியாக வாழ்வது. தளிரை மட்டும் பார்ப்பவர் அதைக் காணத் தவறிவிடுவார். கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018-ல் திறக்கப்பட்ட பூச்சி அருங்காட்சியகத்தில் ஆயிரக்கணக்கான பூச்சிகள் பெயரோடு காக்கப்பட்டு வருகின்றன. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டத் தக்க இடம் அது.

கிராமத்தார் செய்யக் கூடியது

இப்பணியில் நமக்கும் பங்குண்டு. பயிரில் வழக்கத்துக்கு மாறான பூச்சி தென்பட்டால், அதை நசுக்கிப் பார்க்க வேண்டாம். மூடியுள்ள சிறு புட்டியில் சாராயச் சத்தை ஊற்றி, மெல்லிய தூரிகையால் பூச்சிகளைத் தொட்டெடுத்து அதில் இட வேண்டும். குஞ்சு, வளர்ந்தது ஆகிய எல்லாப் பருவங்களும் இருத்தல் நலம். எந்தச் செடி, செடியின் எந்தப் பாகம், எந்த ஊர், எந்தத் தேதி என்பதைத் துண்டுத் தாளில் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போட வேண்டும். மையால் எழுதினால் கரைந்து போகும். பாதிக்கப்பட்ட இலையைத் தனியே காகிதப் பையில் வைத்து, புட்டியோடு அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, வேளாண் அறிவியல் நிலையத்திலோ சேர்ப்பிக்கலாம். விடை வரும் வரை மருந்துக் கடையில் கேட்டதையெல்லாம் கலந்து அடிக்காமல் பொறுத்திருப்பது நன்று.

ஊரும் தேதியும் எழுதப்பட்ட பூச்சியே விஞ்ஞானத்துக்கு உதவும். மிளகாயிலும் ஆமணக்கிலும் எவரோ கவனமாக எடுத்து வைத்த ஒரு மில்லிமீட்டர் பூச்சியால் கோயமுத்தூரின் பெயர் உலகப் பூச்சியியல் நூல்களில் ஏறியது. நமது தோட்டத்து இலைக்கடியிலும் இன்னும் பெயர் பெறாத உயிர்கள் இருக்கக் கூடும். உன்னிப்பாக நோக்கும் உழவரின் கண்களே அவற்றை முதலில் காணத் தக்கவை.