சம்மன் அசலா, டூப்பா? ரகசியக் குறியீட்டைக் கேளுங்க!
தாம்பரம் பகுதி மக்களே, உஷார்!

"அமலாக்கத்துறையில் இருந்து பேசுறோம். உங்க பேர்ல சம்மன் இருக்கு. வீட்டை விட்டு நகரக்கூடாது!"

வீடியோ போனில் இப்படி மிரட்டி, வங்கிப் பணத்தை 'அபேஸ்' செய்யும் கில்லாடிகள் கையில் இருப்பது என்ன தெரியுமா? சிங்க முத்திரை, அதிகாரி கையெழுத்து எல்லாம் போட்ட போலி சம்மன்!

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் தனியாக இருக்கும் பெரியவர்கள், அசல் எது, டூப் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வழி இருக்கிறது. முத்திரையும் கையெழுத்தும் மட்டும் போதாது என்று, தன் சம்மனில் 'கியூ.ஆர்.' கட்டத்தோடு ஒரு ரகசியக் குறியீட்டையும் அச்சிடுவதாக அமலாக்கத்துறை 2025-ல் அறிவித்தது. அந்தத் துறையின் வெப்சைட்டுக்கு நாமே போய், சம்மன் நம்பரையும் குறியீட்டையும் போட்டால் போதும். யாருக்கு, எந்த அதிகாரி, என்றைக்கு அனுப்பினார் என்பது தெரிந்துவிடும். சம்மன் தேதியிலிருந்து 24 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். லீவு நாள் கணக்கில் சேராது.

இன்னொன்று. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் எதுவுமே கிடையாது!

திருடன் கேட்பது உங்க ஓ.டி.பி.யை. நீங்க கேளுங்க, அவன் சம்மனின் குறியீட்டை! பணம் போய்விட்டதா? வெட்கப்படாதீங்க. உடனே 1930-க்குப் போன் போடுங்க!