குழலும் குண்டும் – 7: சுட்ட கூடு, புதுத் தோட்டா

ரைஃபிள் தோட்டாவில் நான்கு உறுப்புகள் உண்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருத்திய பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டதும் பிரைமர் செத்துவிடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, குண்டு போய்விடுகிறது. மிஞ்சுவது கூடு மட்டும். நான்கில் பெரும்பாலும் விலை அதிகமானதும் அதுதான். அமெரிக்காவில் வீட்டு கராஜில் உட்கார்ந்து அந்தக் கூட்டை மறுபடி நிரப்புகிறவர்கள் ஏராளம். பலர் காசு மிச்சமாகும் என்று தொடங்குகிறார்கள். குறி துல்லியமாக விழுகிறது என்பதற்காகவே விடாமல் செய்கிறவர்கள் வேறு ரகம். இங்கே பேச்சு அவர்களைப் பற்றியது.

இந்தப் பழக்கம் பழையது. ஜெர்மானியக் குடியேறிகள் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த ஷூட்சன் போட்டிகளில் 200 கஜ தூர இலக்கை நின்றபடி சுடுவார்கள். தேர்ந்தவர்கள் பலர் போட்டி முழுவதற்கும் ஒரே ஒரு கூட்டை வைத்துக்கொண்டார்கள். சுட்டதும் பிரைமரைத் தட்டி எடுத்து, புதியதைப் பொருத்தி, மருந்து போட்டு மறுபடி சுடுவார்கள். ஈயக் குண்டைத் தனியாகக் குழலுக்குள் செலுத்திவிட்டு, பின்னால் கூட்டை வைப்பார்கள். இருப்பது ஒரே கூடு என்றால், கூட்டுக்குக் கூடு வித்தியாசம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1901இல் சி. டபிள்யூ. ரோலண்ட், ஹாரி போப் செய்த குழலை மேசைத் தாங்கலில் வைத்து 200 கஜத்தில் 10 குண்டுகளை முக்கால் அங்குலத்துக்குள் அடக்கினார்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கலிபோர்னியாவின் ஃப்ரெட் ஹன்டிங்டன், குண்டு கிடைக்காத நெருக்கடியில், சுட்டுப் போட்ட .22 தோட்டாக் கூடுகளையே குண்டின் மேலுறையாக அழுத்திச் செய்யும் அச்சுகளை உருவாக்கினார். ஆர்.சி.பி.எஸ். நிறுவனம் அப்படிப் பிறந்தது. போர் முடிந்ததும் ராணுவத்தில் மிஞ்சிய மருந்தை வாங்கி புரூஸ் ஹாட்ஜ்டன் மலிவாக விற்றார். வீட்டு மேசைக்கு வேண்டிய எல்லாம் அதன்பின் கடையில் கிடைத்தன.

ஆலைத் தோட்டா மோசமானதல்ல. ஆனால் அந்த அளவில் வந்த எந்தத் துப்பாக்கியிலும் அது நுழைந்தாக வேண்டும். அதனால் சற்றுத் தளர்வாகவே செய்வார்கள். சுடும்போது பித்தளை விரிந்து தோட்டா அறையின் சுவரோடு ஒட்டி, பின் இம்மியளவு சுருங்குகிறது. அதாவது சுட்ட கூடு அந்த ஒரு துப்பாக்கியின் அளவை எடுத்துக்கொண்டுவிடுகிறது. நிரப்புகிறவர் அதை டை என்னும் எஃகு அச்சுக்குள் ஏற்றும்போது பழைய அளவுக்கு முழுக்க அமுக்குவதில்லை. குண்டைக் கவ்வும் அளவுக்குக் கழுத்தை இறுக்கி, தோள்பட்டையை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு மட்டும் பின்தள்ளுகிறார். இதனால் குண்டு குழலின் மையக் கோட்டில் நேராக நிற்கிறது.

பிரைமர் மாற்றுவது எளிது, பாக்ஸர் வகையாக இருந்தால். கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. ஊசி ஒன்று உள்ளிருந்து குத்திப் பழையதைத் தள்ளிவிடும். பெர்டன் வகையில் துளைகள் ஓரமாக இருப்பதால் ஊசி பயன்படாது. வேடிக்கை என்னவென்றால், பாக்ஸர் பிரிட்டிஷ்காரர், பெர்டன் அமெரிக்கர். அமெரிக்கா பிரிட்டிஷ்காரருடைய வகையை எடுத்துக்கொண்டது. ஐரோப்பாவில் நெடுங்காலம் பரவியிருந்தது அமெரிக்கருடையது. .22 ரிம்ஃபயரில் பிரைமரே தனியாக இல்லை. வெடிக்கும் கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் அது ஒருமுறைக்கு மட்டும்.

மருந்தை கிரெயின் கணக்கில் நிறுப்பார்கள். 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. நல்ல தராசு கிரெயினில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும். 100 கஜத்தில் குண்டின் வேகம் சற்றே கூடினாலும் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. 1,000 கஜத்தில் அதே வேறுபாடு குறியை மேலும் கீழும் நகர்த்திவிடும். ஆனாலும், துப்பாக்கியை மேசைத் தாங்கலில் வைத்துச் சுடும் குறுந்தூர பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்கள் பலர் மருந்தை நிறுப்பதே இல்லை. சுடும் திடலிலேயே சிறு அச்சை மேசையில் பூட்டி, சுற்றுக்குச் சுற்று, குவளை போன்ற அளவியால் அளந்து ஊற்றுகிறார்கள். துல்லியத்தின் உச்சம் அவர்களிடம்தான்: 1973இல் மேக் மக்மில்லன் 100 கஜத்தில் சுட்ட 5 குண்டுகளின் மையங்களுக்கிடையே 0.009 அங்குலமே இருந்தது. அந்தச் சாதனை 40 ஆண்டுகள் நின்றது. தராசின் மீதான பக்திக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடையாது.

பலன் அதிகம் தருவது குண்டை எவ்வளவு ஆழம் இறக்குவது என்பது. குண்டின் தோளுக்கும் குழலின் மரை தொடங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை இது தீர்மானிக்கிறது. ஒரு துப்பாக்கிக்கு மரையைத் தொட்டு நிற்பது பிடிக்கும். இன்னொன்றுக்கு இடைவெளி வேண்டும். சுட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும். மூன்று குண்டுகள் ஒரே ஓட்டையில் விழுந்ததும் ‘கண்டுபிடித்துவிட்டேன்’ என்று கொண்டாடுவது இந்தத் துறையின் பொது வியாதி. மூன்று குண்டில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு.

அறைக்குள் எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை போகும். கார் டயரில் இருப்பது 30 சொச்சம். பார்வைக்கு ஒன்றுபோலக் கருத்த குச்சிகளாக இருக்கும் இரு மருந்துகள் எரியும் வேகத்தில் மாறுபடும். டப்பா மாறினால் துப்பாக்கி சிதறலாம். எனவே மேசையில் ஒரு நேரத்தில் ஒரே டப்பா என்பது விதி. அளவை உற்பத்தியாளரின் கையேட்டிலிருந்தே எடுத்து, குறைந்த அளவில் தொடங்குவார்கள். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம்.

கூடும் நிரந்தரமல்ல. மறுபடி மறுபடி விரிந்து சுருங்கும் கழுத்து இறுகி நொறுங்கும் தன்மை பெறும். அதைச் சூடாக்கி இளக்கினால் ஆயுள் கூடும். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே உள்ளுக்குள் விழும் வளையம்தான் ஆபத்தானது. வெளியே பெரும்பாலும் தெரியாது. நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுச் சுவரோடு இழுத்தால், பள்ளத்தில் கம்பி தட்டும். தட்டிய கூட்டின் வாயை இடுக்கியால் நசுக்கிவிட்டுப் பழைய பித்தளையோடு போடுகிறார்கள்.