மந்திரக்கோல் விளையாட்டும் அப்பாவின் யூபிஐயும்

‘ஹாரி பாட்டர்: ஹாக்வார்ட்ஸ் மிஸ்டரி’ என்ற கைப்பேசி விளையாட்டு 2018 ஏப்ரலில் வெளிவந்தது. விளையாடும் பிள்ளை மந்திரப் பள்ளியின் முதலாண்டு மாணவராகச் சேர்ந்து, திரையில் விரலால் கோடு இழுத்து மந்திரம் போட வேண்டும். கதை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு மாயக்கொடி அந்த மாணவரைச் சுற்றி இறுக்கத் தொடங்கும். திமிறத் திமிற ‘எனர்ஜி’ தீர்ந்துபோகும். கழுத்தில் கொடியோடு காத்திருக்கலாம், அல்லது காசு கொடுத்து ‘ஜெம்ஸ்’ வாங்கி உடனே தப்பிக்கலாம். விமர்சகர்கள் அப்போதே இதைக் காறித் துப்பினார்கள். ஆனால் காசு கறக்கும் அந்த உத்தி இன்றைய மந்திர, மாயாஜால விளையாட்டுகள் பலவற்றில் வெவ்வேறு வேடத்தில் வாழ்கிறது.

தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டில், காத்திருப்பதா காசு கொடுப்பதா என்ற கேள்வி பெரும்பாலும் அப்பாவின் போனில்தான் எழுகிறது. தக்காளி மண்டியில் பணம் வருவதும் அந்தப் போனுக்கு, உரக்கடைக்குப் போவதும் அதிலிருந்து. யூபிஐ போட்டுக்கொடுத்ததே எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும் பையனாக இருப்பான். ஜிமெயில் திறந்ததும் அவன், பின் நம்பர் வைத்ததும் அவன். ரசீது வந்து விழும் பெட்டியும் அவன் கையில். இந்த நிலையில் பணம் போனால் ‘திருட்டு’ என்று சொல்லவும் முடியாது, ‘நான்தான் கொடுத்தேன்’ என்று சொல்லவும் முடியாது. சட்டத்தின் உதவி எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது என்பது இந்த இடைவெளியில்தான் தீர்மானமாகிறது.

முதலில் பணம் எப்படிப் போகிறது என்று பார்க்கலாம். ரூபாயை ஜெம்ஸாக மாற்றுவார்கள். ஜெம்ஸ் வேறொரு கல்லாக மாறும், அந்தக் கல்லைக் கொடுத்துப் பெட்டி திறக்க வேண்டும். இரண்டு மாற்றம் நடந்த பிறகு, ஒரு பெட்டிக்கு எத்தனை ரூபாய் என்று பெரியவர்களுக்கே கணக்கு பிடிபடாது. பெட்டிக்குள் என்ன இருக்கும் என்பதும் குலுக்கல்தான். உலகெங்கும் ஓடும் ‘கென்ஷின் இம்பாக்ட்’ விளையாட்டில் ஐந்து நட்சத்திரப் பாத்திரம் கிடைக்கும் அடிப்படை வாய்ப்பு ஒரு குலுக்கலுக்கு 0.6 சதவீதம். 90ஆவது குலுக்கலில் கட்டாயம் ஒன்று வரும் என்று நிறுவனமே சொல்கிறது. ஆனால் வருவது ஆசைப்பட்ட பாத்திரமாகவே இருக்கும் என்பதற்கு முதல் தடவையில் உறுதி கிடையாது. 2025 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையத்தின் நடவடிக்கையில் இந்த விளையாட்டை வெளியிடும் நிறுவனம் 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பெட்டி விற்கக் கூடாது என்பதும் அந்த உடன்பாட்டில் இருக்கிறது. பெல்ஜியத்தில் 2018இலேயே சூதாட்ட ஆணையம் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்துவிட்டது.

நம் ஊரில்? ‘ஆன்லைன் விளையாட்டைத்தான் தடை பண்ணிட்டாங்களே’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மி, போக்கர் போன்று பணம் கட்டி ஆடும் ஆட்டங்களால் உயிர்கள் போனதைத் தொடர்ந்து வந்தது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டமும், பணம் கட்டிப் பணமோ அதற்கு ஈடான பலனோ எதிர்பார்த்து ஆடுவதைத்தான் குறிவைக்கிறது. மந்திர விளையாட்டில் பணம் உள்ளே மட்டும்தான் போகும். ஜெயித்தாலும் கையில் காசு வராது. அதனால் அந்தத் தடையை இதன்மேல் நேராகப் பொருத்துவது கடினம். வாதாட இடமுண்டு. ஆனால் வழக்கறிஞரின் வாதம் போன பணத்தை நாளைக்கே கொண்டுவராது. இப்போதைக்குக் கைகொடுப்பவை நுகர்வோர் சட்டமும், ஒப்பந்தச் சட்டமும், செயலிக் கடையின் சொந்த விதிகளும்தான்.

இவற்றில் முக்கியமானது நேரம். கூகுள் பிளேயில் வாங்கியது என்றால் 48 மணி நேரத்துக்குள் அங்கேயே ‘ரீஃபண்ட்’ கேட்க வேண்டும். வீட்டுப் பிள்ளை தெரியாமல் வாங்கிவிட்டது என்பதையும் காரணமாகச் சொல்லலாம். அந்தக் கெடு தாண்டினால் விளையாட்டு நிறுவனத்திடம் போகச் சொல்வார்கள். முன்பின் தெரியாதவர் உங்கள் கணக்கில் வாங்கியிருந்தால் அது வேறு வகை. அதைப் புகார் செய்ய 120 நாள் அவகாசம் உண்டு. மெயிலில் ‘ஜிபிஏ’ என்று தொடங்கும் ஆர்டர் எண் இருக்கும். அதையும் பணம் போன குறுஞ்செய்தியையும் முதலில் படம் பிடித்து வையுங்கள். கோபத்தில் விளையாட்டை அழித்துவிடுவது நம் வழக்கம். அழிப்பதற்கு முன் அதிலுள்ள பிளேயர் ஐடியைக் குறித்துக்கொள்ளுங்கள், நிறுவனம் அதைத்தான் கேட்கும். மொபைல் கடையில் ரொக்கம் கொடுத்து ரிடீம் கோடு வாங்கிப் போட்டிருந்தால் திரும்பக் கிடைப்பது அரிது.

வங்கியின் விதி வேறு. 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி, வங்கியோ நீங்களோ தவறு செய்யாமல் மூன்றாம் ஆள் பணத்தை எடுத்து, நீங்கள் மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பே கிடையாது. ஆனால் பின் நம்பரை நாமே சொல்லிக்கொடுத்திருந்தால் அது நம் கவனக்குறைவு. புகார் கொடுக்கும்வரை போனது நம் தலையில், அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. மகன் செய்ததை யாரோ ‘ஹேக்’ செய்ததாக எழுதிக் கொடுக்காதீர்கள். விசாரணையில் பிளேயர் ஐடி உங்கள் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும், உண்மையான புகாரும் அதோடு செத்துவிடும்.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அத்தகைய ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்று அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1903இல் தீர்ப்பளித்தது. நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் பிள்ளையின் பிறந்த தேதியோடு இதைக் குறிப்பிடுங்கள். அவர்கள் ‘கணக்கு பெரியவர் பெயரில் இருக்கிறதே’ என்று மடக்குவார்கள். அதற்காகப் பின்வாங்க வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். தவறான அவசரம் காட்டுதல், மறைத்து விலை சேர்த்தல் உள்ளிட்ட 13 ஏமாற்று உத்திகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று தடை செய்தது. ‘இன்னும் பத்தே நிமிடம்தான்’ என்று திரையில் ஓடும் கடிகாரம் பொய்யென்றால் அதுவும் புகாருக்குரியதே. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

வாங்கிய பொருளும் நிலையானதல்ல. மந்திரம் போட்டுக்கொண்டே தெருவில் நடக்க வைத்த ‘விசார்ட்ஸ் யுனைட்’ விளையாட்டு 2019இல் வந்து 2022 ஜனவரி 31 அன்று மூடப்பட்டது. அதில் மந்திர சக்தி தீர்ந்தால் வரைபடத்தில் உள்ள சத்திரங்களுக்குப் போய் நிரப்ப வேண்டும். பெருநகரத்தில் அவை தெருவுக்குத் தெரு இருந்தன, கிராமத்தில் தேட வேண்டும். ஊர்ப்பிள்ளைக்குத்தான் காசு கொடுத்து வாங்கும் கட்டாயம் அதிகம். மூடிய பிறகு வாங்கியவை எல்லாம் போயே போயின.

இதைவிட மோசமானது ‘இலவச ஜெம்ஸ்’ என்று வரும் லிங்க். பிளே ஸ்டோருக்கு வெளியே இறக்கும் ஏபிகே கோப்பு குறுஞ்செய்தியைப் படித்து ஓடிபியை எடுத்துவிடக்கூடும். விளையாட்டு ஐடி விற்கிறேன், வாங்குகிறேன் என்று பேரம் பேசும் அந்நியரும் அதே ரகம். இங்கே பணம் போனால் உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930, அல்லது சைபர் கிரைம் இணையதளம். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. விளையாட்டின் அரட்டைப் பெட்டியில் யாராவது பிள்ளையிடம் படம் கேட்டால் அது பணப் பிரச்சினை அல்ல, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வரை போகும் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள், பிள்ளையைத் திட்டாதீர்கள்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை சில. பிளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் சரிபார்ப்பு கேட்கும்படி வையுங்கள். போனில் பையனின் கைரேகையும் பதிவாகியிருந்தால் அந்தச் சரிபார்ப்பு வெறும் அலங்காரம், அவன் கைரேகையை நீக்குங்கள். யூபிஐ பின்னை நீங்களே மாற்றுங்கள். மாதச் சந்தா ‘ஆட்டோபே’யில் போட்டிருந்தால் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். யூபிஐ செயலியிலேயே அதை ரத்து செய்யவும் முடியும்.

விளையாடுவதே நோய் என்று யாரும் பதற வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தபோது விளையாட்டு அடிமைத்தனம் அதில் இருந்தது. ஆனால் படிப்பு, தூக்கம், உறவு எல்லாம் கெட்டும் நிறுத்த முடியாமல் சுமார் ஓராண்டு நீடிப்பதையே அது பொதுவாகக் குறிக்கிறது. அப்படி இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம். பாலக்கோட்டிலிருந்து பெங்களூரு பஸ் ஏறினால் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் தூரமில்லை. தொழில்நுட்ப அடிமைத்தனத்துக்கென்றே அங்கு 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது.